கடுகு தாளிக்கக் கூடாத சமையலறை: வோல்கோகிராடில் ஒரு வாடகை அறை

போன வாரம் ஜூனியர் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு வாடகை விளம்பரத்தை அனுப்பி, "அண்ணா, இது நீங்க இருந்த ரூம்தானே? எடுக்கலாமா?" என்று கேட்டான். பெரிதாக்கிப் பார்த்தேன். அதே பச்சை வால்பேப்பர். கதவோரம் நான் சைக்கிளை இடித்துக் கிழித்த இடம்கூட அப்படியே இருக்கிறது. வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்ல ஆரம்பித்தால் ஆறு நிமிடம் தாண்டிவிட்டது, இன்னும் அடுப்படிக்கே வந்து சேரவில்லை. சரி, எழுதியே விடலாம். அங்கே மருத்துவம் படிக்கப் போகிற நம் பிள்ளைகள் வேறு யாருக்காவது உதவும்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு. குறைந்த அந்த ஒன்று சமையலறைக்காக. 2018 ஜூனில் என்னைக் கேட்டிருந்தால் இரண்டுதான் கொடுத்திருப்பேன், அந்தக் கதை பின்னால் வருகிறது.

நான் ஆரணிக்காரன். 2013இல் மருத்துவம் படிக்க ரஷ்யாவிலிருக்கும் வோல்கோகிராடு போனேன். முதல் மூன்று வருஷம் விடுதி. 2016 செப்டம்பரிலிருந்து படிப்பு முடியும்வரை இந்த அறை. மாதம் 7,000 ரூபிள். அப்போது ரூபிளும் நம் ரூபாயும் கிட்டத்தட்ட ஒரே விலை, வீட்டுக்குக் கணக்குச் சொல்ல வசதியாக இருந்தது. சூடேற்றும் செலவு, தண்ணீர், கேஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். கரண்டுக்கு மட்டும் மீட்டர் பார்த்துப் பாதி. அட்வான்ஸ் ஒரு மாதம்.

இடம், சிவப்பு அக்டோபர் என்று பொருள்படும் 'கிராஸ்னி அக்தியாபர்' எஃகு ஆலை இருக்கிற பேட்டை. லெனின் சாலையிலிருந்து உள்ளே இரண்டாவது வரிசை, நான்கு மாடிக் கட்டடம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஐம்பதுகளில் கட்டியது. சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிமன். முதல் நாளே வீட்டுக்காரப் பாட்டி அந்தச் சுவரைத் தட்டிக் காட்டி, "ஜெர்மன்காரன் கட்டினது, அதான் நேரா நிக்குது" என்றார். கேலி செய்கிறார் என்று சிரித்து வைத்தேன். விசாரித்தால் நிஜம்தான், போரில் பிடிபட்ட ஜெர்மன் கைதிகளை வைத்து இந்த நகரத்தில் ஏகப்பட்ட கட்டடங்களை எழுப்பியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில், ஊரின் பெயர் ஸ்டாலின்கிராட் என்று இருந்தபோது, 1942 ஜூலை 17 முதல் 1943 பிப்ரவரி 2 வரை ஜெர்மன் படைக்கும் சோவியத் படைக்கும் நடந்த சண்டையில் ஊரே செங்கல் குவியலாகிவிட்டது. இடித்தவனையே பிடித்துக் கட்ட வைத்த வீட்டில் நான் மூன்று வருஷம் தூங்கியிருக்கிறேன். ஒரு நடைமுறைச் செய்தி: அந்தச் சுவரில் ஆணி இறங்காது. காலண்டர் மாட்ட வேண்டுமென்றால் டேப் வாங்கிப் போங்கள்.

குளிருக்கு அந்தத் தடிமன் சுவர்தான் காப்பு. ஊரைச் சுற்றியிருக்கிற ஸ்டெப்பி என்ற மரமில்லாப் புல்வெளியிலிருந்து காற்று அடித்தால் மைனஸ் 15கூட மைனஸ் 25 மாதிரி இருக்கும். ரேடியேட்டரை நாமாகப் போட முடியாது, நகரமே சேர்ந்துதான் போடும். தொடர்ந்து ஐந்து நாள் சராசரி வெப்பம் 8 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் குழாயில் சுடுதண்ணீர் ஓடும். அந்த ஐந்து நாளுக்கு ஒரு கம்பளி கூடுதலாக வேண்டும். அதேபோல கோடையில் குழாய்களைச் சரிபார்க்க இரண்டு வாரம் வரை சுடுதண்ணீரை நிறுத்துவார்கள். அது நமக்குப் பிரச்சினையே இல்லை. ஜூலையில் 40 டிகிரி தொடுகிற ஊர் அது. ரஷ்யா என்றாலே பனி என்று நம்பி வந்த வேலூர்ப் பையன்கள் ஜட்டியோடு பால்கனியில் படுத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கல்லூரிக்குப் போக மெத்ரோத்ராம். 1984இல் திறந்த வேக டிராம் அது. பாதித் தூரம் மேலே ஓடி, ஊர் மையத்தில் சுரங்கத்துக்குள் இறங்கிவிடும். சுரங்கத்தில் நடைமேடை நடுவில் இருக்கிறது, வண்டிக்கோ வலப்பக்கம் மட்டும்தான் கதவு. அதனால் சுரங்கத்துக்குப் போகும்போது தண்டவாளம் மாறி, நம்மூர் மாதிரி இடப்பக்கமாக ஓடும். முதல் தடவை கவனித்தபோது ஏனோ வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. நாம் ஏறுகிற நிறுத்தத்தின் பெயர் '39ஆவது கார்ட்ஸ்'. அந்த எஃகு ஆலைக்காகச் சண்டை போட்ட படைப்பிரிவின் பெயர் அது. வடக்கே போனால் சிவப்பு அக்டோபர், பாரிக்காடி, டிராக்டர் ஆலை என்று வரிசையாக வரும். ராணுவ வரலாறு படித்தவர்களுக்கு அந்தப் பெயர்களைக் கேட்டால் மயிர்க்கூச்செறியுமாம். வண்டியில் இருப்பவர்கள் 'பாரிக்காடியில இறங்கி மருந்து வாங்கிட்டு வந்துடறேன்' என்று போனில் பேசிக்கொண்டிருப்பார்கள். நாமும் ஒரே மாதத்தில் அப்படி ஆகிவிடுவோம். இறங்குவது கம்சமோல்ஸ்கயாவில். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு நடைதான். வழியில் வீழ்ந்த வீரர்கள் சதுக்கம், அணையாச் சுடர், அதன் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் துப்பாக்கியோடு காவல் நிற்பார்கள், நடுக்குளிரிலும். சண்டையில் தப்பிப் பிழைத்த ஒரு பாப்ளர் மரமும் அங்கே இருக்கிறது. அதன் எதிரில்தான் நாங்கள் உடற்கூறியல் தேர்வுக்குப் பயந்து சாமி கும்பிட்டது.

காய்கறிக் கடைக்குப் போகிற வழியில் ஒரு மேடையில் டாங்கியின் தலைப்பகுதி மட்டும் வைத்திருப்பார்கள். இப்படி ஊர் முழுக்க 17 இருக்கின்றன. 1942 நவம்பரில் சோவியத் படையின் எதிர்த் தாக்குதல் தொடங்கிய அன்று முன்வரிசை எங்கே இருந்ததோ, அந்தக் கோட்டைக் காட்டுகின்றன. அதிலிருந்து ஆற்றுப்பக்கம் நடந்து பாருங்கள். இவ்வளவுதான் மிச்சம் இருந்ததா என்று கால்களுக்கே தெரியும்.

அறையின் பெரிய சொத்து ஜன்னல். எதிரே இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் மமாயெவ் குன்றின் தாய்நாட்டுச் சிலை தெரியும். முழுதாக இல்லை, தலையும் கையும் வாளும். சிலை உயரம் வாளோடு சேர்த்து 85 மீட்டர், அதில் வாள் மட்டுமே 33 மீட்டர். 1967இல் திறந்தபோது இருந்த வாள் காற்றில் ஓசை எழுப்பியதால் பின்னால் அதை மாற்றி, காற்றுப் போகத் துளை வைத்த வாளைப் பொருத்தினார்களாம். பாட்டிக்கு அது வானிலை அறிக்கை. காலையில் சமையலறையிலிருந்தே குரல் வரும்: "வாள் நுனி தெரியுதா?" தெரியவில்லை என்றால் கம்பளித் தொப்பி, தோள்வரை தெரியவில்லை என்றால் முதல் வகுப்புக்குப் போகவே வேண்டாம் என்பார். அந்தக் கணிப்பு என் போனில் இருந்த செயலியைவிடச் சரியாக இருந்தது. வருகைப்பதிவு கேட்ட பேராசிரியரிடம் மட்டும் அது செல்லுபடியாகவில்லை.

குன்றுக்கு வீட்டிலிருந்து இரண்டு மூன்று நிறுத்தம்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் அழைத்துப் போவேன். சண்டை நடந்த 200 நாளுக்கு 200 படி. மேலே புகழ் மண்டபத்தில் ஒலிப்பது ஷூமன் என்ற ஜெர்மானியரின் இசை. பாட்டி என்னோடு ஒரு தடவைதான் வந்தார், அதுவும் பாதிப் படியோடு உட்கார்ந்துவிட்டார். முட்டிவலி என்றார். அங்கே 34,000க்கும் மேற்பட்ட வீரர்கள் புதைந்திருக்கிறார்கள். சண்டை முடிந்த வசந்தத்தில் அந்த மேட்டில் புல்லே முளைக்கவில்லை, மண்ணில் பாதி இரும்பு என்று அன்றைக்குச் சொன்னார்.

இப்போது பாட்டி. 1937இல் பிறந்தவர். பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் ஸ்டாலின்கிராட், வசிக்கும் ஊர் வோல்கோகிராடு, ஒரு தெருகூட மாறவில்லை. 1961இல் பெயரை மாற்றினார்கள். அதற்கு முன்பு, 1925 வரை, சாரீத்சின். நம் பேட்சில் ஸ்டாலின் என்று ஒருவன் இருந்தான், கும்பகோணம் பக்கம். அவன் ஒருநாள் சாப்பிட வந்தபோது பெயரைக் கேட்டுவிட்டு, "குடும்பப் பெயரா?" என்றார் பாட்டி. இல்லை, அப்பா வைத்தது என்றான். அவனுடைய அண்ணன் பெயர் லெனின் என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுகிற அளவுக்குச் சிரித்தார். அதற்குப் பிறகு அவன் எப்போது வந்தாலும் கதவைத் திறந்துகொண்டே, "தோழர் ஸ்டாலின், காலணியைக் கழற்றுங்கள்." சென்னையும் வோல்கோகிராடும் அறுபதுகளிலிருந்தே சகோதரி நகரங்கள் என்பது எங்களுக்கே அவர் சொல்லித்தான் தெரியும்.

தம்பி, ஒன்றைக் குறித்துக்கொள். வெளிநாட்டு மாணவனுக்கு வீடு கிடைப்பது பெரிதில்லை, அந்த முகவரியில் நாம் தங்கியிருப்பதாக அரசிடம் பதிவு செய்து கொடுக்கிற வீட்டுக்காரர் கிடைப்பதுதான் பெரிது. நிறைய பேர் வாடகையை வாங்கிக்கொண்டு பதிவுக்கு நழுவிவிடுவார்கள், பிறகு விசாவுக்கு நாய் படாத பாடு. பாட்டி மூன்றாம் நாளே காகிதத்தோடு என்னை இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றார். அவர் வைத்திருந்த 'போர்க்கால ஸ்டாலின்கிராட் குழந்தை' என்ற அடையாள அட்டையைக் காட்டி வரிசையில் முன்னாலும் போய்விட்டார். இன்னொரு லாபம் ரஷ்ய மொழி. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும், நான்காம் ஆண்டு வார்டுக்குப் போனால் நோயாளி ரஷ்யனில்தான் பேசுவார். 'எங்கே வலிக்குது, எப்பயிலிருந்து, குத்துதா எரியுதா' எல்லாம் பாட்டியின் முட்டியை வைத்தே கற்றுக்கொண்டேன்.

சரி, சமையலறை. கேஸ் அடுப்பு நான்கு பர்னர், ஓவன், ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டு நமக்கு. பாத்திரம் தாராளமாக எடுக்கலாம். பால்கனியில் பாட்டி ஊறப்போட்ட தக்காளி, வெள்ளரிக்காய், உப்பில் ஊறிய தர்பூசணி எல்லாம் ஜாடி ஜாடியாக இருக்கும். உப்புத் தர்பூசணிக்கு முதல் தடவை முகம் சுளிப்பாய், ஒரு மாதத்தில் தயிர்சாதத்துக்குத் தேடுவாய்.

குடிவந்த முதல் ஞாயிறு சாம்பார் வைத்தேன். பருப்பு வெந்து, புளி கொதித்து, கடைசியில் சின்ன வாணலியில் சூரியகாந்தி எண்ணெயைக் காயவைத்துக் கடுகைப் போட்டேன். வெடித்ததுதான் தாமதம், பாட்டி உள்ளே வந்தார். ஒன்றும் பேசவில்லை. அடுப்பை அணைத்தார். வாணலியைத் துணியால் பிடித்து, எண்ணெயோடு அப்படியே பால்கனியில் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தினார். ஜன்னலைத் திறந்தார், வெளியே 5 டிகிரி. பிறகு அறைக்குப் போய்விட்டார். அன்றைக்குத் தாளிக்காத சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, இந்த ஊரில் வாடகைக்கு வந்த எல்லா இந்தியர்களும் சொல்கிற பிரச்சினைதான், மசாலா வாடை பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் வெங்காயம் வதக்கினால் ஒன்றும் சொல்லவில்லை. மிளகாய் வறுத்து வீடே இருமியபோதுகூட இருமிக்கொண்டே டிவி பார்த்தார். பூண்டு அவருக்கே உயிர். கடுகு மட்டும்தான் ஆகவில்லை. இத்தனைக்கும் அந்த ஊர் கடுகுக்குப் பேர்போனது. தெற்கே சரேப்தா என்று ஒரு பகுதி, பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானியக் குடியேறிகள் உருவாக்கியது. அங்கே ஆட்டுகிற கடுகெண்ணெய் ரஷ்யா முழுக்கப் போகும். ரஷ்யர்கள் சரேப்தாக் கடுகு என்று சொல்வதும் நம் அஞ்சறைப்பெட்டியில் இருப்பதும் ஒரே இனம். பக்கத்து வீட்டுக்காரி கடுகெண்ணெய் விட்டுச் சுட்ட ரொட்டியைக் கொண்டுவந்தால் பாட்டி நன்றி சொல்லி வாங்கி, அப்படியே எனக்குத் தந்துவிடுவார்.

நான்கைந்து மாதம் கழித்து, ஒரு பிப்ரவரி 2ஆம் தேதி. டிவியில் சதுக்கத்து நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. நானாகக் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். அப்பா எஃகு ஆலைத் தொழிலாளி. 1942 ஆகஸ்ட் 23ஆம் தேதி குண்டுமழையில் வீடு போனது. அம்மா மூன்று பிள்ளைகளோடு ஓடைச் சரிவில் குழி தோண்டி அதில் இருந்தார். சண்டை முடிந்த பிறகு வந்த வசந்தத்தில்தான் பசி அதிகமாம், சுடுவது நின்றுவிட்டது, தின்ன ஒன்றுமில்லை. சரேப்தா ஆலையிலிருந்து பிண்ணாக்கு வரும். கடுகுப் பிண்ணாக்கு. அதை இடித்து, புல்லைக் கலந்து, தகரத்தில் தட்டிச் சுட்டுக் கொடுப்பார் அம்மா. தொண்டை எரியும், வயிறு எரியும், மறுபடியும் கை நீட்ட வேண்டும். கடைசித் தம்பி அதைத் தின்ன மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டானாம். அவனுக்கு என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. எங்கள் ஊரில் மாட்டுக்கு வைப்பதற்குப் பெயர் பிண்ணாக்கு என்பதை அவரிடம் நான் சொன்னதே கிடையாது.

அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். விடுதியில் இருக்கிற நண்பனிடம் கடுகைக் கொடுத்து வைப்பேன். சனிக்கிழமை அவன் அடுப்பில் ஒரு கிண்ணம் எண்ணெயில் மொத்தமாகத் தாளித்து, ஆறவைத்து, ஜாம் பாட்டிலில் ஊற்றி டிராமில் கொண்டுவருவேன். வாரம் முழுக்க அதிலிருந்து ஒரு ஸ்பூன். ஆறிய கடுகுக்கு அந்த வாடை இல்லையோ என்னவோ, பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. தயிர்சாதம் கேட்டு வாங்கிக்கூடச் சாப்பிடுவார். ஆனால் ஒரு கடுகு விடாமல் முள்கரண்டி நுனியால் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக வைப்பார். சாப்பிட்டு முடித்ததும் அந்த வரிசையை விரலால் தொட்டு ஒரு தடவை எண்ணிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

வேறு விதிகள் சின்னவை. மே 9 அன்று இரவு பத்து மணி சுமாருக்குக் குளியலறை கிடைக்காது. வெற்றி நாள் அணிவகுப்பைக் காலையிலிருந்து கண்கொட்டாமல் டிவியில் பார்ப்பவர், வாணவேடிக்கை ஆரம்பித்ததும் ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத் துணி துவைக்க உட்கார்ந்துவிடுவார். தெருவே ஹுர்ரே போடும், உள்ளே தண்ணீர் ஓடும். முன்கூட்டியே முகம் கழுவிக்கொள்ளவும்.

வசந்தத்தில் ஒருநாள் கோரோதிஷ்சே பக்கத்துத் தோட்டத்துக்கு உருளைக்கிழங்கு நடக் கூப்பிடுவார். போகலாம், சோறு உண்டு. மண்வெட்டியில் தோட்டா உறை, துருப்பிடித்த இரும்புத் துண்டு எல்லாம் மாட்டும். நம்மூரில் களை எடுக்கும்போது ஓட்டாஞ்சில்லைப் பொறுக்கி வரப்பில் எறிவோமே, அப்படி எறிவார். பெரிதாக, உருண்டையாக ஏதாவது தட்டுப்பட்டால் மட்டும் கை வைக்காமல் கூப்பிட வேண்டும். இதை அவர் ஒரு தடவைதான் சொன்னார். தொனியைக் கேட்டாலே போதும்.

மே கடைசியிலிருந்து ஆற்றுப்பக்கம் பொடி ஈ கிளம்பும். மோஷ்கா என்பார்கள். கண், காது, மூக்கு எதையும் விடாது. கேக்குக்குப் போடுகிற வெனிலின் பொடியைத் தண்ணீரில் கரைத்து முகத்தில் தடவிக்கொள்வதுதான் அந்த ஊர் வைத்தியம். அந்த மாதம் முழுக்க டிராமே பேக்கரி மாதிரி மணக்கும்.

இப்போது அந்த 2018 ஜூன். கால்பந்து உலகக் கோப்பைக்காகக் குன்றின் அடிவாரத்தில் புது மைதானம் கட்டியிருந்தார்கள். தோண்டும்போது குண்டுகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. நான்கு ஆட்டம் அந்த ஊருக்கு. ஜூன் தொடக்கத்தில் பாட்டியின் பேத்தி வந்து, இரண்டு வாரத்துக்கு அறையைக் காலி செய்து தர முடியுமா, இங்கிலாந்து ரசிகர்கள் ஒரு நாளைக்கு என் ஒரு மாத வாடகையைத் தருகிறார்கள் என்று சொன்னாள். எனக்குத் தேர்வு நேரம். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பாட்டி பேத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சினோக், கூரை ஒழுகுது" என்றார். சினோக் என்றால் மகனே. நான்கு மாடி வீட்டில் மூன்றாவது மாடியில் எந்தக் கூரை ஒழுகும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதியில் ஸ்டாலின் கட்டிலுக்குக் கீழே படுத்தேன். ஜூன் 18 துனிசியா, இங்கிலாந்து ஆட்டத்தை அங்கேதான் டிவியில் பார்த்தோம். இங்கிலாந்து வீரர்கள் மோஷ்காவை அடித்து விரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு மனசுக்குள் ஒரு அற்ப சந்தோஷம். என் அறையில் படுத்திருந்தவர்களுக்கு வெனிலின் ரகசியத்தைப் பாட்டி சொல்லியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். திரும்பிப் போனபோது மேசைமேல் இங்கிலாந்துக் கொடி போட்ட துண்டு ஒன்று, பக்கத்தில் அந்த மாத வாடகை வேண்டாம் என்று ஒரு சீட்டு. ஆகவே இரண்டு மறுபடியும் நான்கானது.

இப்போது அறையைப் பார்த்துக்கொள்வது அந்தப் பேத்திதான் என்று தம்பி சொல்கிறான். அப்படியென்றால் பதிவு செய்து தருவாளா என்பதை முன்பணம் கொடுக்கும் முன் எழுத்தில் கேட்டுக்கொள். 2025இல் விமான நிலையத்துக்கு ஸ்டாலின்கிராட் என்று பெயர் வைத்துவிட்டார்கள், டிக்கெட்டைப் பார்த்துக் குழம்பாதே. 2022க்குப் பிறகு ட்ரோன் அச்சத்தில் அந்த விமான நிலையத்தை அவ்வப்போது மூடுகிறார்கள். மாஸ்கோவில் ஒருநாள் தங்கக் காசு வைத்துக்கொள், ரயிலில் போவதற்கும் தயாராக இரு.

பாட்டிக்கு இப்போது 88 இருக்கும். அந்த வீட்டில்தான் இருக்கிறாரா, பேத்தி வீட்டிலா என்று கேட்டுச் சொல்லச் சொன்னேன். தம்பி அதற்குப் பதில் போடவில்லை, சமையலறைப் படம் ஒன்றை மட்டும் அனுப்பினான். அடுப்பு மாறிவிட்டது, மேலே புதிதாகப் புகைபோக்கி விசிறி வைத்திருக்கிறார்கள். அது இருக்கிறதே என்று தாளித்துவிடாதே. ஜாம் பாட்டிலுக்கு இறுக்கமான மூடி பார்த்து வாங்கு, டிராம் வளைவில் திரும்பும்போது சிந்தும்.